வீட்டை மாற்றாதீர்கள், ஆளை மாற்றுங்கள்: மறதிநோய் கண்ட பெற்றோரை வீட்டில் பராமரிக்கும் முறை

பெற்றோருக்கு வயதாகித் தனியே இருக்க முடியாத நிலை வந்ததும், பிள்ளைகள் கூடிப் பேசி 'ஆளுக்கு இரண்டு மாதம்' என்று முறை வைத்துக்கொள்வது நம் குடும்பங்களில் வெகுகாலமாக உள்ள வழக்கம். செலவையும் உழைப்பையும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் நியாயமான ஏற்பாடாகவே அது தோன்றும். உடல் தளர்ந்தாலும் நினைவு தெளிவாக உள்ள முதியவருக்கு அது ஓரளவு பொருந்தவும் செய்யும். ஆனால் மறதிநோய் கண்டவருக்கு இதைவிடத் தீங்கான ஏற்பாடு வேறில்லை என்பதை எங்கள் அம்மாவின் நோயின் மூன்றாம் ஆண்டில்தான் நாங்கள் அறிந்துகொண்டோம். சென்னையில் அண்ணன் வீடு, கோயம்புத்தூரில் தம்பி வீடு, கோவில்பட்டியில் என் வீடு என்று அவர் சுற்றிவந்த ஒன்றரை ஆண்டில், ஒவ்வொரு இடமாற்றத்துக்குப் பிறகும் அவரிடம் இருந்த ஏதோ ஒரு திறன் குறைந்தது. இரவில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். ஒருமுறை நிலைப்படி தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

காரணம் நோயின் போக்கிலேயே இருக்கிறது. மறதிநோயில், குறிப்பாக அல்சைமர் வகையில், புதியதைப் பதியவைத்துக்கொள்ளும் ஆற்றல்தான் முதலில் பழுதாகிறது. பல ஆண்டுகள் கை பழகிய செயல்களும் கால் பழகிய வழிகளும் நெடுநாள் தங்குகின்றன. நாற்பது ஆண்டுகள் புழங்கிய வீட்டில் விளக்கின் சுவிட்ச் எங்கே, தண்ணீர்க் குடம் எங்கே, சாமி மாடம் எங்கே என்பதை அவர் நினைத்துப் பார்ப்பதில்லை, உடம்பே அறிந்திருக்கிறது. அந்த வீட்டிலிருந்து அவரைப் பெயர்த்தெடுக்கும்போது, எஞ்சியிருந்த நினைவில் பெரும்பகுதியை நாமே பறித்துவிடுகிறோம். எனவே நான் இங்கே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: நோய் கண்டவர் ஓரிடத்தில் இருக்கட்டும், பார்த்துக்கொள்பவர்கள் முறை வைத்து அங்கே வந்துபோகட்டும். சொந்த வீட்டில் வைத்துப் பார்க்க வழியே இல்லையென்றால், பிள்ளைகளில் ஒருவர் வீட்டை நோயின் தொடக்கத்திலேயே முடிவு செய்து, அவருடைய கட்டில், தலையணை, நாற்காலி, சுவரில் மாட்டியிருந்த படங்கள் ஆகியவற்றோடு ஒரே முறை இடம் மாற்றி, அதன்பின் அங்கேயே நிலைக்கவிட வேண்டும்.

மருத்துவரிடம் போவதற்கு முன்னும் பின்னும்

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு மறதிநோய் இருப்பதாக, நாடு தழுவி நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. எண்ணிக்கையில் அது சுமார் 88 லட்சம் பேர். இத்தனை பேர் இருந்தும், 'வயசானா மறதி வரத்தான் செய்யும்' என்ற ஒரு சொல்லால் பெரும்பாலான வீடுகளில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வீணாகின்றன. குழம்பில் உப்புப் போட்டோமா என்று மறப்பது வயதின் இயல்பு. ஆயிரம் முறை வைத்த குழம்பை எதில் தொடங்கி எதில் முடிப்பது என்று தெரியாமல் அடுப்பின் முன் நிற்பது இயல்பன்று. பழகிய தெருவில் வழி தவறுவது, கடைக்காரர் தந்த மீதிச் சில்லறையைக் கணக்கிட முடியாமல் திணறுவது, சொன்னதையே கால்மணி நேரத்தில் நான்கு முறை சொல்வது, நாளும் கிழமையும் குழம்புவது, இயல்பில் கலகலப்பானவர் ஒதுங்கி உட்காருவது ஆகியவற்றில் ஓரிரண்டு தொடர்ந்து தென்பட்டாலே தேதியிட்டுக் குறித்துவைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். அந்தக் குறிப்பைக் காட்டுவது முக்கியம், ஏனெனில் மருத்துவரின் அறையில் பத்து நிமிடம் மிகத் தெளிவாகப் பேசுவது இந்நோயாளிகளிடம் அடிக்கடி காண்பது.

மறதி எல்லாமே மறதிநோயன்று என்பதும் உடனே போகச் சொல்வதற்கு ஒரு காரணம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தலையில் சிறிய அடிபட்டுச் சில வாரங்களில் மண்டையோட்டுக்குள் தேங்கும் இரத்தம், மூளையில் நீர் தேங்குதல் ஆகியவை மறதிநோய்போலவே தோன்றும்; இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சைவ உணவினருக்கும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்கும் பி12 குறைவது வழக்கம். சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும்கூட முதியவர்களின் நினைவைக் குழப்பும். ஆகவே அவர் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துச் செல்லுங்கள். கண்புரையும் காது கேளாமையும் இருந்தால் அவற்றையும் சரிசெய்யுங்கள். பாதி கேட்டவருக்குப் பாதிதான் நினைவில் நிற்கும்.

நோய் உறுதியானபின் தரப்படும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டைன் போன்ற மருந்துகள் நோயை நிறுத்துவதில்லை. சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கின்றன. எதிர்பார்ப்பை அந்த அளவில் வைத்துக்கொண்டால் 'முழுக் குணம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் இழக்க மாட்டோம். இரத்தக் குழாய் அடைப்பால் வரும் வகையில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்திருப்பதே முதன்மையான சிகிச்சை. எந்த மருத்துவரிடம் போவது என்று தெரியாதவர்கள் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். சென்னையில் கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தின் டெம்கேர்ஸ் பிரிவு மறதிநோய்க்கென்றே இயங்குகிறது.

பேச்சு

உடனிருப்பவரின் நாளில் பாதி பேச்சிலேயே கழிகிறது, சண்டையும் அங்கேதான் பிறக்கிறது. 'இப்பத்தானே சொன்னேன்' என்ற வார்த்தையை வீட்டிலிருந்தே விலக்கிவிடுங்கள். நமக்கு அது பத்தாவது முறை. அவருக்கு அது முதல் கேள்வி. 'தம்பி எப்ப வருவான்?' என்று திரும்பத் திரும்பக் கேட்பவருக்கு நேரம் தேவைப்படுவதில்லை, அவன் நலமாக இருக்கிறான் என்ற உறுதி தேவைப்படுகிறது. 'வேலைக்குப் போயிருக்கான், சாப்பிட்டுத்தான் போனான்' என்று சொன்னபோது எங்கள் அம்மா அரைமணி நேரம் அமைதியாக இருந்தார். 'ஆறு மணிக்கு' என்று சொன்னபோது ஐந்து நிமிடம்கூட இல்லை.

இறந்துபோனவரைத் தேடும்போதுதான் உண்மை சொல்வதா பொய் சொல்வதா என்று பலரும் தவிக்கிறார்கள். 'அப்பா செத்து எட்டு வருஷம் ஆச்சே' என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவர் அச்செய்தியைப் புதிதாகக் கேட்டு அழுவார். அழுகைக்கான காரணம் மறந்தாலும் துக்கம் நாள் முழுதும் தங்கும். அப்படி ஒருவரைத் தினமும் விதவையாக்க நமக்கு உரிமையில்லை என்பது என் எண்ணம். 'அப்பாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும்?' என்று கேளுங்கள். தேடல் பேச்சாக மாறிவிடும். 'என் வளையலை நீதான் எடுத்துட்டே' என்ற குற்றச்சாட்டும் எல்லா வீட்டிலும் வருவதே. வைத்த இடம் மறந்துபோனவரின் மூளை அந்த வெற்றிடத்தைக் கதையால் நிரப்புகிறது. கதையில் திருடராக வருபவர் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும் மருமகளோ மகளோதான். மறுத்துப் பேசாமல், 'வாங்க, சேர்ந்து தேடுவோம்' என்று எழுந்துவிடுங்கள். அவர் வழக்கமாக ஒளித்துவைக்கும் மூன்று நான்கு இடங்களை அறிந்து வைத்திருப்பதும், விலையுயர்ந்த நகையை முன்கூட்டியே மாற்றிவைப்பதும் உதவும். இக்குற்றச்சாட்டை நம்பி அக்கம்பக்கத்தாரும் உறவினரும் மருமகளைப் பழிப்பதுண்டு. வீட்டு மூத்தவர் ஒருவர் உறவினர்களுக்கு நோயைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யவேண்டிய முதல் நீதி.

பார்க்க வருபவர்களிடமும் ஒன்று சொல்லி வையுங்கள். 'என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லு பார்ப்போம்' என்று தேர்வு வைப்பது நம்மவர்களின் பழக்கம். பெயர் வராமல் அவர் கூனிக் குறுகுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வருபவர் தாமே, 'அத்தை, நான் சாத்தூர் முருகன் வந்திருக்கேன், உங்க அண்ணன் மகன்' என்று சொல்லி அருகில் அமர்ந்தால் போதும்.

தன் வீட்டில் இருந்துகொண்டே 'வீட்டுக்குப் போகணும்' என்று மாலையில் பையைக் கட்டுவது இந்நோயில் மிகப் பொதுவானது. அவர் தேடுவது முகவரியை அன்று, பழைய பாதுகாப்பை. 'இதுதான் வீடு' என்று வாதிடாமல், காப்பி குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்காரவைத்து, முடிந்தால் தெருமுனை வரை கைபிடித்து நடந்துவிட்டு வீடு திரும்புங்கள். பொழுது சாயும்போது குழப்பம் கூடும் என்பதால் இருட்டுவதற்கு முன்பே, ஐந்து மணிக்கே, எல்லா விளக்குகளையும் போட்டுவிடுவதும், பகல் தூக்கத்தைக் குறைப்பதும், கூச்சலிட்டுச் சண்டையிடும் தொலைக்காட்சித் தொடர்களை அந்நேரத்தில் நிறுத்திவிடுவதும் பலன் தரும். திரையில் அழுபவர் வீட்டுக்குள்தான் அழுகிறார் என்று அவர் நம்பக்கூடும். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை யாரோ அந்நியர் என்று அஞ்சினால் கண்ணாடியைத் துணியால் மூடுங்கள்.

வீட்டில் செய்யவேண்டிய மாற்றங்கள்

பெரிய செலவு தேவையில்லை. குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். உள்ளே பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் தவிப்பது அடிக்கடி நிகழ்கிறது. எரிவாயு ரெகுலேட்டரைச் சமையல் முடிந்ததும் அணைத்துவிடுவதைப் பழக்கமாக்குங்கள். பூச்சிமருந்து, ஆசிட், ஃபினாயில், மாத்திரைகள் ஆகியவை பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். சாப்பிட்டதை மறந்து சர்க்கரை மாத்திரையை இரண்டாம் முறை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மிதியடிகளையும் தரையில் ஓடும் ஒயர்களையும் அகற்றுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் சிறு விளக்கு எரியட்டும், கழிப்பறைக் கதவு திறந்தே இருக்கட்டும். கதவு கண்ணில் பட்டால் போகவேண்டும் என்ற நினைவும் வரும்.

வெளியே போய்விடுபவராக இருந்தால், வாசல் கதவில் கண்ணுக்கு எளிதில் படாத உயரத்தில் கூடுதல் தாழ் ஒன்றும், திறந்தால் ஒலிக்கும் மணி ஒன்றும் வையுங்கள். ஆனால் ஆளில்லாத வீட்டில் பூட்டிவைத்துவிட்டுப் போவதும், கட்டிலோடு கட்டுவதும் கூடவே கூடாது. பெயரும் இரண்டு தொலைபேசி எண்களும் எழுதிய துணிப்பட்டையை ரவிக்கையிலோ சட்டையிலோ உட்புறம் தைத்துவிடுங்கள். கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைக் கழற்றி எறிபவரும் சட்டையைக் கழற்றுவது அரிது. தெருமுனை டீக்கடை, ஆட்டோ நிறுத்தம், கோயில் குருக்கள், பேருந்து நிறுத்தத்துப் பூக்காரம்மா ஆகியோரிடம் நோயைச் சொல்லி எண்ணைக் கொடுத்து வையுங்கள். வெட்கப்படவேண்டிய செய்தியன்று இது, ஒரு முறை அந்தப் பூக்காரம்மாதான் எங்கள் அம்மாவைக் கையோடு அழைத்துவந்தார். காணவில்லையென்றால் முதலில் அருகிலுள்ள கிணறு, குளம், கால்வாய் பக்கமும், அவர் முன்பு குடியிருந்த அல்லது வேலை பார்த்த இடத்தின் வழியிலும் தேடுங்கள். அதே நேரத்தில் வேறொருவர் 112 எண்ணை அழைக்கட்டும். ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதி எதுவும் கிடையாது.

குளியல், உடை, கழிப்பறை

குளிக்க மறுப்பது பிடிவாதமன்று. தலையில் திடீரென்று தண்ணீர் விழுவதும், பிள்ளையோ மருமகளோ முன் ஆடையின்றி நிற்பதும் அவருக்கு அச்சத்தையும் கூச்சத்தையும் தருகின்றன. பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, மடியில் ஒரு துண்டைப் போர்த்தி, வெந்நீரைப் பதம் பார்த்து, பாதத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலேறுங்கள்; தலைக்கு ஊற்றுவது கடைசியில், அதுவும் வாரம் ஒரு முறை போதும். மக்கை அவர் கையிலேயே கொடுத்தால் தானே ஊற்றிக்கொள்வார். மறுக்கும் நாளில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த நாள் முயலலாம். ஒரு நாள் குளிக்காததால் ஒருவருக்கும் கேடு வந்ததில்லை, இழுத்துச் சென்று வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. அப்பாவாகவோ மாமனாராகவோ இருந்தால் குளிப்பாட்டும் பொறுப்பை மகனே ஏற்க வேண்டும். அதையும் மருமகள் தலையில் கட்டுவது இருவருக்குமே இழிவு.

உடையை அணியும் வரிசையிலேயே ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். புடவை கட்ட முடியாத நிலையில் நைட்டியும், வேட்டி நழுவும் நிலையில் இடுப்பில் எலாஸ்டிக் தைத்த கைலியும் எளியவை. ஆனால் மாற்றத்தைச் சட்டென்று திணிக்காமல், விரும்பிய நாட்களில் புடவைக்கும் இடம் விடுங்கள். சிறுநீருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நீங்களே அழைத்துச் செல்வது டயப்பரின் தேவையைப் பல மாதங்கள் தள்ளிப்போடும்.

சாப்பாடு

பசித்ததும் தெரியாது, சாப்பிட்டதும் நினைவிருக்காது. ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே தட்டில், குழம்பு பொரியல் என்று ஐந்தாறு வகையைப் பரப்பாமல் ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். வெள்ளைச் சோறு வெள்ளைத் தட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும் என்பதால் நிறமுள்ள தட்டு நல்லது. பிசைந்து உண்ண முடியாதவருக்கு இட்லித் துண்டு, சிறு உருண்டையாகப் பிடித்த சாதம், வாழைப்பழம் எனக் கையில் எடுத்து உண்ணக்கூடியவற்றைக் கொடுத்தால் தன் கையால் சாப்பிடும் மதிப்பு நிலைக்கும். தண்ணீரை நாமே நினைவூட்டித் தர வேண்டும். நீர் குறைந்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும், அவற்றால் கூடுதல் குழப்பமும் வரும்.

நோய் முற்றும்போது விழுங்குவதே சிக்கலாகிறது. சாப்பிடும்போது இருமுவதும், அடிக்கடி புரையேறுவதும், வாயில் சோற்றை அடக்கிக்கொண்டே இருப்பதும் அதன் அடையாளங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியால், முந்திய கவளம் இறங்கியபின் அடுத்ததைக் கொடுங்கள். முறுக்கு, புட்டு, வேர்க்கடலை போன்ற உதிரும் பண்டங்களைத் தவிருங்கள். தண்ணீருக்குப் புரையேறினால் கெட்டியான கஞ்சியும் கூழும் எளிதாக இறங்கும். சாப்பிட்டு அரைமணி நேரமாவது படுக்கவிடாதீர்கள். இறுதிக் கட்டத்தில் மூக்குக்குழாய் வைக்கலாமா என்ற கேள்வி எழும். முற்றிய மறதிநோயில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ நுரையீரல் தொற்றைத் தடுப்பதாகவோ சான்றுகள் இல்லை என்பதால், ஊட்ட முடிந்த அளவு கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. அந்த முடிவை அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் எடுக்காமல், முன்கூட்டியே உடன்பிறந்தவர்கள் அனைவரும் மருத்துவரோடு அமர்ந்து பேசி எடுங்கள்.

ஒரே நாளில் மாறினால்

மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நகர்வது. நேற்றுவரை தானே சாப்பிட்டவர் இன்று அரைத்தூக்கத்தில் கிடந்தாலோ, திடீரென்று இல்லாதவற்றைக் கண்டு அலறினாலோ, அதை 'நோய் முத்திடுச்சு' என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, இரத்தத்தில் சோடியம் குறைவு, சர்க்கரை தாழ்தல், கடுமையான மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றில் ஒன்று பின்னணியில் இருக்கக்கூடும். முதியவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் தொற்று இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருத்துவமனையிலும் பழகிய முகம் ஒன்று இரவும் பகலும் அருகில் இருக்க வேண்டும், மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் உடன் செல்ல வேண்டும். ஆர்ப்பாட்டத்தை அடக்கத் தரும் மனநோய் மருந்துகள் மறதிநோய் கண்ட முதியவர்களுக்குப் பக்கவாதத்தின் வாய்ப்பையும் மரணத்தின் வாய்ப்பையும் கூட்டுபவை. வேறு வழியில்லாமல் தொடங்கினாலும் எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணமும் பத்திரமும்

இதை நோயின் தொடக்கத்தில், அவர் தெளிவோடு இருக்கும்போதே, அவரையே கேட்டு முடிக்க வேண்டும். வங்கிக் கணக்கை நம்பகமான ஒருவரோடு கூட்டுக் கணக்காக்குவது, நியமனதாரர் பெயரைப் பதிவது, உயில் எழுதுவது, அப்போது அவர் தெளிந்த மனநிலையில் இருந்ததற்கு மருத்துவரின் சான்று பெற்று வைப்பது ஆகியவை அதில் அடங்கும். பலர், தன் சார்பில் செயல்பட ஒருவருக்கு உரிமை தரும் பொது அதிகாரப் பத்திரம் ஒன்று எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. அதன்பின் சொத்தைக் கையாளக் காப்பாளராக நியமிக்கக் கோரி நீதிமன்றம் செல்ல நேரிடும். நோய் முற்றியவரிடம் கைநாட்டு வாங்குவது சட்டப்படியும் நிற்காது, குடும்பத்தையும் உடைக்கும். ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் தரவேண்டிய ஆயுள் சான்றுக்காக அவரைக் கருவூலத்துக்கோ வங்கிக்கோ அலைக்கழிக்கத் தேவையில்லை. கைப்பேசியில் முக அடையாளம் மூலமும், வீட்டுக்கு வரும் அஞ்சல் ஊழியர் மூலமும் அதைப் பதிவு செய்யலாம்.

பார்த்துக்கொள்பவரின் நிலை

இவ்வளவையும் செய்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு பெண். அவருக்குத் தூக்கம் நான்கு மணி நேரம், இடுப்பு வலி, எகிறிய இரத்த அழுத்தம், விசேஷ வீடுகளுக்குப் போய் ஆண்டுகள் ஆயின. ஒரு நாள் பொறுமை இழந்து கை ஓங்கிவிட்டு, இரவெல்லாம் அழுதவர்கள் எத்தனையோ பேர். நானும் அவர்களில் ஒருத்தி. அந்த நொடியில் செய்யவேண்டியது, அவர் பாதுகாப்பாக அமர்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அறையை விட்டு வெளியேறி, முகம் கழுவி, பத்து நிமிடம் கழித்து வருவதே. ஆனால் அதற்கு முன்பே, கை ஓங்கும் அளவுக்கு ஒருவரைத் தனியே விட்டுவைத்ததற்கு மற்றவர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

தொலைவில் இருக்கும் உடன்பிறந்தவர்கள் 'ஏதாவது வேணும்னா சொல்லு' என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. வேலையைப் பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டும். ஒருவர் மாதந்தோறும் மருந்தையும் டயப்பரையும் இணையத்தில் வாங்கி வீட்டுக்கு அனுப்பட்டும். ஒருவர் ஓய்வூதியம், காப்பீடு, மருத்துவருடன் பேசுவது ஆகியவற்றைக் கவனிக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர் பகல்நேர உதவியாளரின் சம்பளத்தை ஏற்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் காணொளியில் அம்மாவோடு அரைமணி நேரம் பேசுபவர், அந்த அரைமணி நேரத்தில் உடனிருப்பவரைக் குளிக்கவும் சாப்பிடவும் விடுவிக்கிறார். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வாரத்தில் ஓர் அரைநாள் முழு விடுப்பும், ஆண்டில் இரண்டு முறை பத்து நாள் விடுப்பும் அவருக்கு வேண்டும். அந்தப் பத்து நாளும் நோயாளி தன் கட்டிலிலேயே இருக்க, சென்னையில் இருக்கும் மகனோ மருமகளோ இங்கே வந்து தங்க வேண்டும். தாங்கள் வந்து பார்க்கும் இரண்டு மணி நேரத்தை வைத்து 'நல்லாத்தானே பேசுறாங்க' என்று சொல்பவர்கள், பத்து இரவுகளை அங்கே கழித்தபின் அப்படிச் சொல்வதில்லை.

சம்பளத்துக்கு உதவியாளர் வைத்தால் அவருக்கும் வார விடுமுறை கொடுங்கள். களைத்த உதவியாளர் களைத்த மகளைவிட ஆபத்தானவர். படுக்கையில் விழுந்தபின், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, ஏர் பெட் பயன்படுத்துவது, கை கால்களை நீட்டி மடக்கிவிடுவது எனப் படுக்கைப் புண்ணைத் தடுக்கும் வேலைகள் சேரும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தம், நீரிழிவு மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். முதியோர் தொடர்பான உதவிக்கு 14567, மனம் தாங்காத நேரத்தில் பேசுவதற்கு 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அது நோயாளிக்காக மட்டுமன்றி உங்களுக்காகவும்தான்.

ஆளை மாற்றுவது நடைமுறையில் வெற்றிபெற ஒரு குறிப்பேடு வேண்டும். எங்கள் வீட்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கட்டிலருகே தொங்கியது. 'காலை ஐந்தரைக்கு எழுவார், எழுந்தவுடன் கேள்வி கேட்க வேண்டாம், கைபிடித்து நேரே கழிப்பறைக்கு. காப்பி அரை டம்ளர், ஆறவைத்து. மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைக்க வேண்டாம், துப்பிவிடுவார். தண்ணீரோடு கையில் கொடுத்தால் விழுங்குவார். கோபம் வந்தால் கறிவேப்பிலையை உருவக் கொடுக்கவும். இரவில் எழுந்து நடந்தால் பழைய சேலையைக் கொடுத்தால் மடித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார், மடித்ததும் கலைத்து மறுபடி கொடுக்கவும்' என்று இப்படித்தான் அதில் இருந்தது. மாத்திரைகளின் பெயரும் வேளையும் முதல் பக்கத்தில், மருத்துவரின் எண்ணும் ஆம்புலன்சின் 108-ம் அட்டையில். புதிதாக வருபவர் முதல் இரண்டு நாட்கள் பழைய ஆளோடு சேர்ந்து இருந்து, குளிப்பாட்டுவதையும் ஊட்டுவதையும் கண்டு பழக வேண்டும். மூன்றாம் நாள் பழைய ஆள் உண்மையாகவே ஊரைவிட்டுப் போக வேண்டும். பக்கத்துத் தெருவில் தங்கினால் ஒவ்வொரு மணி நேரமும் அழைப்பு வரும். போனபின் இரவு ஒன்பது மணிக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு, அதுவும் வந்தவர் கேட்க விரும்பும் கேள்விகளுக்கு மட்டும்.